பீங்கானின் அடிப்புறம்

ஒரு பொருளைப் பழமையானது என்று கூறுபவர், தாம் விலை கூறுவதாகவே எண்ணுகிறார். உண்மையில் அவர் சாட்சியம் கூறுகிறார். அச்சாட்சியம் தவறென்று பின்னர் புலப்பட்டால், அறியாமல் கூறினார் என்பது அவருக்குப் போதிய விடுதலையாகுமா? இவ்வினா அண்மையில் நம்மிடம் வந்தது.

பெரம்பலூர் வட்டாரத்தில் ஓர் இல்லத்தார் தந்தையின் சொத்தைப் பங்கிட்டனர். சகோதரர் இருவர்; தங்கை ஒருவர். தங்கைக்குச் சேரவேண்டிய நிலத்துக்கு ஈடாக, நீலப்பூ எழுதிய சீனத் தட்டம் ஒன்றைச் சகோதரர்கள் அளித்தனர். பாட்டனார் பினாங்கிலிருந்து கொணர்ந்தது. முந்நூறு ஆண்டுப் பழமையுடையது என்றனர். அவ்வம்மையார் மனமொப்பி ஏற்றார். மகளின் திருமணச் செலவுக்காக அதை விற்க முற்பட்டபோது, பழம்பொருள் அறிந்த ஒருவர் முகப்பைச் சற்றே நோக்கிவிட்டுக் கவிழ்த்துப் பார்த்தார்.

பீங்கானின் வயதைப் பூவேலை எளிதில் சொல்வதில்லை. பெரும்பாலும் அடிப்புறமே சொல்லும். மெருகு பூசாத அடிவளையம், நெடுங்காலம் புழங்கியதாயின் விரலுக்கு வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கும். உட்புறக் கீறல்கள் பல திசைகளில் ஓடும். செயற்கையாகப் பழமையாக்கியதில் கீறல்கள் ஒரே திசையில் ஓடுவதும், அழுக்குச் சீராக அப்பியிருப்பதும் உண்டு. இத்தட்டத்தின் அடிவளையமோ கூர்மை மாறாதிருந்தது. நடுவே காசளவு இடத்தில் மெருகு அராவப்பட்டிருந்தது. அயல்நாட்டுச் சரக்கில் அதன் நாட்டுப் பெயர் ஆங்கிலத்தில் இருக்கவேண்டுமென்று அமெரிக்கா 1891 முதல் விதித்தது. அதன்பின் ஏற்றுமதிப் பீங்கான் பலவற்றின் அடியில் அப்பெயர் இடம்பெற்றது. அத்தகைய எழுத்தை எவரோ நீக்கியிருக்க வேண்டும் என்பது அவர் முடிவு.

"எங்கள் அத்தா சொன்னதைத்தானே சொன்னோம்?" என்றார் மூத்தவர். ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இது பழகிய இடம். செய்தியின் அழகில் மயங்காமல், யார் யாரிடம் கேட்டார் என்னும் ஸனதை அவர்கள் ஆராய்வர். இங்கே மகன், தந்தை, பாட்டனார் மூவரும் நேர்மையாளரே. ஆனால் அவர்களுக்கும் மேலே, பெயரறியாக் கடைக்காரர் ஒருவர் நிற்கிறார். இன்னாரென்று அறியப்படாத அறிவிப்பாளரை மஜ்ஹூல் என்பர்; ஒரு கண்ணி அவ்வாறாயின் சங்கிலி முழுதும் தளரும்.

இதற்கு மாறானதும் நம் அருகிலேயே உள்ளது. அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்டசோழபுரத்தில், மாளிகைமேட்டை 1980களிலும் 2021 முதலும் தமிழகத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, சீனப் பீங்கான் சில்லுகள் கிடைத்தன. சோழர் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோங் அரசவையை அடைந்த செய்தி சீன ஏடுகளில் உண்டு. உடைந்த சில்லுதான், எனினும் எந்த மண்ணடுக்கில், எவற்றோடு கிடந்தது என்பது பதிவாகியுள்ளது. அது ஸனதுடைய சில்லு.

போலச் செய்தல் தன்னளவில் குற்றமன்று. காங்ஷி பேரரசர் (1661–1722) காலத்துக் குயவர்கள், இருநூறாண்டு முந்திய செங்குவா காலத்து முத்திரையைத் தம் கலங்களில் எழுதினர்; முன்னோர்க்குச் செய்த மரியாதை என்றே அதைக் கொள்வர். செங்தே பேரரசர் (1506–1521) காலத்தில் அரபி எழுத்துடைய கலங்கள் செய்யப்பட்டன. அவற்றுக்கும் பிற்காலப் போலிகள் உண்டு. அரபி எழுத்தைக் கண்ட மாத்திரத்தில் நம்மவர் மனமுருகிவிடலாகாது. வஞ்சனை, முத்திரை எழுதிய கையில் இல்லை. அதை அராவிய கையில் உள்ளது.

சகோதரர்கள் அராவவில்லையே எனலாம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து ஈரம் கண்டதையும், நனைந்ததை மக்கள் காண மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரை வினவியதையும் நாம் அறிவோம். மறைந்திருந்த குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்று ஃபிக்ஹு வகுத்தது. கொடுத்தவர் அக்குறையை அறிந்திருக்க வேண்டுமென்று அது நிபந்தனை விதிக்கவில்லை. பாவம் அறிந்து செய்வதைப் பொறுத்தது. கடன் அவ்வாறன்று, அறியாமல் எடுத்ததும் பிறர் பொருளே.

இதை எடுத்துரைத்தோம். இளையவர் தம் பங்கிலிருந்து தங்கைக்குரியதை அளந்து கொடுத்துவிட்டார். மூத்தவர், நாம் அவரைப் பொய்யர் என்பதாக வருந்தி ஒதுங்கியிருக்கிறார். அவ்வாறு எவரும் கூறவில்லை. தங்கையின் நிலம் இன்னும் அவரிடம் இருக்கிறது என்று மட்டுமே கூறுகிறோம்.