இரண்டு பிரேமுக்கு நடுவில்

ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு விடும் நேரத்தைப் படமெடுத்து வரச் சொல்லியிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், கையில் வீட்டுச் செல்போன். சினிமா தொடங்கியதே அப்படித்தான். 1895இல் பிரான்சின் லியோன் நகரில் லூமியேர் சகோதரர்கள் தங்கள் ஆலையிலிருந்து தொழிலாளர் வெளிவருவதை எடுத்தார்கள். ஒரு நிமிடம்கூட ஓடாது. அதற்கும் மூன்று வடிவங்கள் உண்டு என்றதும் பிள்ளைகளுக்கு நிம்மதி: ரீடேக் கேட்கலாமே!

எடிட்டிங்கில் ஒரு மாணவி எடுத்த காட்சியை விரித்தேன். நொடிக்கு 30 பிரேம். கேட்டைத் தாண்டி அவள் அம்மா வருகிறார். ஒரு பிரேமில் கால் தரையில், அடுத்ததில் சற்றே மேலே.

"சார், இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்கம்மா எங்க இருந்தாங்க?"

ஷட்டர், கிட்டர் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். கேள்வி மிகப் பழையது. எல்லாம் கணந்தோறும் தோன்றி அழிகிறது, தொடர்ச்சி வெறும் தோற்றம் என்றனர் பௌத்தர். டைம்லைன் அவர்கள் பக்கம்தான் சாட்சி சொல்லும். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் அவர்களை மறுத்தார். கணத்தில் அழிபவனுக்கு நேற்று எப்படி நினைவிருக்கும்? ஓசூரில் சந்திரசூடேஸ்வரர் சிவன் கோயில் மலையடியில் குடியிருக்கும் நான் அருணந்தி பக்கம் சாய்கிறேன். ஆனாலும் திரையில் அசைவு என்று ஒன்று இல்லையே, பார்க்கிறவள்தான் கோத்துக்கொள்கிறாள்.

அவளோ பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அம்மா முகம் துடைக்கும் இடத்தை வெட்டலாமா கூடாதா என்று தோழியோடு தெலுங்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.