இலையின் சிவப்பு

ரொறன்ரோவில் இருக்கும் ராத்தாவின் மகன் ஊருக்கு வந்தபோது, புத்தகத்துள் வைத்து அழுத்திய மேப்பிள் இலைகள் இரண்டைக் கொண்டுவந்தான். ஒன்று மஞ்சள், மற்றது இரத்தச் சிவப்பு. கனடாவின் கொடியில் 1965 முதல் இருக்கும் இலை. தரம் பத்து மாணவருக்குக் காட்டினேன். "சேர், இது சாயம் பூசினதா?" என்று கேட்டாள் ஒரு பிள்ளை.

சாயமில்லை. அந்த நாடுகளில் செப்ரெம்பரில் பகல் குறுகிவர, மரம் குளிருக்கு ஆயத்தமாகிறது. இலையின் பச்சையம் சிதைகிறது. அதுவரை மறைந்திருந்த கரற்றினொயிட்டுகள் மஞ்சளாய்த் தெரிகின்றன. அந்த மஞ்சள் கோடை முழுவதும் அங்கிருந்ததுதான். சிவப்பின் கதை வேறு. அந்தோசயனின் என்ற அந்த நிறமியை, உதிரப்போகும் இலை தன்னிடமுள்ள வெல்லத்தைச் செலவழித்துப் பெரும்பாலும் புதிதாகவே ஆக்குகிறது. எதற்காக? பூச்சிகளுக்கு மரம் விடும் எச்சரிக்கை என்று ஹமில்டனும் பிரௌனும் எழுதிய கட்டுரை 2001இல் வெளிவந்தது. அது வெயிலுக்குப் பிடிக்கும் குடை, அதன் நிழலில் இலை தன் நைதரசனை மரத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது என்பது வேறு சிலரின் வாதம். வழக்குத் தீரவில்லை. எனக்கு இரண்டாவதே பிடித்திருக்கிறது. அதற்குக் காரணம் விஞ்ஞானமல்ல.

என் வாப்பா கோபக்காரர். அவரது காலடி கேட்டால் வீடு அடங்கிவிடும். கடைசி இரண்டு வருடங்களில் அந்த மனிதர் மாறிப்போனார். உம்மாவுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் அவரிடம் மாப்புக் கேட்டார். என்னிடமும் கேட்டார். "இப்ப என்னத்துக்கு வாப்பா அதெல்லாம்" என்று எழுந்து போனேன். மௌத்துப் பயம் என்று நினைத்தேன்.

ஜனாஸா வீட்டில், "உள்ளுக்க நல்ல மனுசன்" என்றார்கள். அது மஞ்சள் இலையின் கணக்கு. எனக்கு ஒப்பவில்லை. எங்கள் சிறுவயதில் அப்படியொன்று உள்ளே இருந்ததாக நான் காணவில்லை. அப்படியானால் அந்த மென்மையை அவர் புதிதாகத்தான் ஆக்கியிருக்க வேண்டும், உடம்பில் எஞ்சிய கொஞ்சத்தைச் செலவழித்து. இருந்தது தெரிவதைவிட இல்லாததை ஆக்குவது கடினமல்லவா? பயத்தில் பிறந்ததாகவே இருக்கட்டும். மேப்பிளிலும் இரவுக் குளிர் கூடினால்தான் சிவப்பு நன்றாக ஏறுகிறது. பிந்தி வந்ததென்பதற்காக அதைப் பொய்யென்று தள்ள எனக்கென்ன உரிமை?

ஆனால் மரத்துக்கு மனமில்லை. இலையைக் காட்டி மனிதனை அளப்பதில் எனக்குத் தயக்கமுண்டு. அடிவாங்கிய முதுகை எந்தச் சிவப்பும் ஆற்றாது என்பதும் தெரியும்.

உம்மாவிடம் கேட்டேன், மாப்புக் கொடுத்தீங்களா என்று.

"அண்டைக்கே குடுத்திட்டன் மகன்" என்றார். அதற்குமேல் அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.