பெட்டியில் வராத காகிதம்

வீடியோ கேம் பெட்டிக்குள் ஒரு காலத்தில் வைத்து விற்கப்பட்ட அச்சுக் கையேடுகளை இனியும் வைத்திருப்பதில் அர்த்தமுண்டா என்ற கேள்வியை ஓர் இலக்கியப் பத்திரிகையில் எழுப்புவது சிலருக்கு வேடிக்கையாகப் படலாம். ஓலைச்சுவடி அச்சேறியபோது எது போயிற்று, எது மிஞ்சிற்று என்று நூறாண்டுகளாகப் பேசிவரும் நமக்கு, பொருள்களோடு ஒட்டிக்கொண்டு வரும் எழுத்து எழுத்தாகவே படுவதில்லை. தையல் மெஷினோடு வரும் புத்தகம், மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்திருக்கும் தாள், இவையெல்லாம் ஆசிரியன் பெயரில்லாத, யாரும் மதிப்புரை எழுதாத உரைநடை. ஆனால் மனிதனின் கையோடும் உயிரோடும் நேரடியாகச் சம்பந்தப்பட்ட உரைநடை அதுதான். அந்த வகையில் நம் சிறுகதைகளைவிட அதற்குப் பொறுப்பு அதிகம்.

வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் இரண்டு. வேண்டாம் என்பவர்கள் பயனை வைத்துப் பேசுகிறார்கள்: ஆட்டமே தன்னை ஆடக் கற்றுத் தந்துவிடுகிறது, மீதியைத் திரையில் தேடிக்கொள்ளலாம். வேண்டும் என்பவர்கள் நினைவை வைத்துப் பேசுகிறார்கள்: புதுத் தாளின் வாசனை, வீட்டுக்குப் போகும் வழியில் புரட்டிய படங்கள். 2010 ஏப்ரலில் யூபிசாஃப்ட் நிறுவனம் தாள் கையேட்டை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது மரங்களின் பெயரைச் சொல்லித்தான் அறிவித்தது. அடுத்த ஆண்டு எலக்ட்ரானிக் ஆர்ட்ஸும் அந்த வழியே போயிற்று. மரத்தின்மேல் வணிகத்துக்குத் திடீரென்று பிறக்கும் கருணையை, நிழல் மரத்தின் தயவில் ஏலச்செடி வளர்க்கும் ஒரு மலைச்சரிவிலிருந்து பார்க்கும்போது சற்றுச் சந்தேகம் எழத்தான் செய்யும். நினைவை வைத்துப் பேசுகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. நினைவு அவரவர் சொந்த விஷயம். அதைக் காட்டி இன்னொருவனுக்கு ஒரு பொருள் அவசியம் என்று வாதிட முடியாது. தவிர, இந்த நினைவு நம்முடையதும் அல்ல.

போடிநாயக்கனூருக்கு அந்தக் கையேடு வரவே இல்லை. 1990களில் தமிழ்நாட்டின் சிற்றூர்களுக்கு வந்து சேர்ந்தவை பெரும்பாலும் நின்டெண்டோவின் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல்கள். கூடவே ஒரு கேசட். அதன் மேல் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் இருப்பதாக ஓர் எண். உள்ளே சில பத்து ஆட்டங்கள், பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி மறுபடி. தாள் ஏதும் இருந்தால் டிவியோடு ஒயரை எப்படிச் செருகுவது என்பதோடு முடிந்துவிடும். மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து ஆடிய பையனுக்கு அதுவும் இல்லை. ஆகவே நாம் கையேட்டை இழந்தவர்கள் அல்ல. அது இல்லாமலே தொடங்கியவர்கள். இங்கிருந்து பார்த்தால் கேள்வியின் உருவம் மாறுகிறது.

‘கான்ட்ரா’வை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஆட்கள், துப்பாக்கி, காடு, பிறகு ஓர் அருவி. 1988இல் கொனாமி அதை வீட்டுப் பெட்டிக்குக் கொண்டுவந்தபோது, ஜப்பானியக் கதைப்படி அது 2633ஆம் ஆண்டில், நியூசிலாந்துக்கு அருகே ஒரு கற்பனைத் தீவுக்கூட்டத்தில் நடந்தது. அமெரிக்கக் கையேடு அதே காட்டைத் தூக்கி அமேசானில் வைத்தது, அதுவும் நிகழ்காலத்தில். 1990இல் ஐரோப்பாவுக்குப் போனபோது மனிதர்களை நீக்கி ரோபோக்களைப் போட்டார்கள்; அங்கே படத்தையே மாற்றவேண்டியிருந்தது. அமெரிக்காவுக்கோ ஒரு தாளே போதுமாயிருந்தது. கையேடு கைக்கு வராத பையனுக்கு அந்தக் காடு எங்கே இருந்தது? குரங்கணிக்கு மேலே என்று அவன் நினைத்திருந்தால் அவனை மறுக்க அங்கே ஒரு தாளும் இல்லை. ஆசிரியனின் மரணத்தைப் பற்றி ரோலான் பார்த் 1967இல் எழுதியதை நம் விமர்சகர்கள் பெரும் பிரயாசையோடு இறக்குமதி செய்துகொண்டிருந்தார்கள். வாடகைக்கு ஆடியவர்கள் அதைப் படிக்காமலே அதில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

இதைச் சுதந்திரம் என்று கொண்டாடிவிடலாம். எனக்கு முழுச் சம்மதமில்லை. ஏனெனில் தாள் இல்லாத இடம் காலியாக இருக்கவில்லை. அங்கே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான்.

கோயில் மண்டபத் தரைகளில் ஆடுபுலி ஆட்டத்தின் கோடுகள் வெட்டியிருப்பதைப் பார்க்கிறோம். கட்டம் கல்லில் இருக்கிறது. விதி கல்லில் இல்லை. புலி மூன்று, ஆடு பெரும்பாலும் பதினைந்து. ஆட்டின் எண்ணிக்கை ஊருக்கு ஊர் மாறும். புலி ஒரே மூச்சில் இரண்டு ஆட்டைத் தாண்டலாமா என்பதும் மாறும். எனவே முதல் ஆட்டை வைக்குமுன் எதிரே உட்கார்ந்தவனோடு பேசித் தீர்த்துக்கொண்டாக வேண்டும். வாய்மொழி விதிக்கு இரண்டு பேர் தேவை. அச்சு விதிக்கு ஒருவன் போதும். நவீனத்துவத்தின் தனிமனிதன் என்று நாம் ஓயாமல் எழுதுகிறோமே, அவனை ஒரு விதத்தில் கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு தனியே ஆடத் தெரிந்தவன் என்றும் சொல்லலாம். ஆடுபுலிக்காரர்கள் சமமாக உட்கார்ந்தவர்கள். வாய்மொழி எப்போதும் அப்படி உட்கார்ந்திருப்பதில்லை. ‘கான்ட்ரா’வில் முப்பது உயிர் தரும் விசை வரிசை அமெரிக்கக் கையேட்டிலும் அச்சாகவில்லை. கசுஹிசா ஹஷிமோட்டோ 1986இல் ‘கிரேடியஸ்’ ஆட்டத்தைச் சோதித்துப் பார்ப்பதற்காகத் தன் வசதிக்கு வைத்துக்கொண்ட வரிசையின் சந்ததி அது. உலகம் முழுக்க அது வாய்வழியாகத்தான் அதிகம் பரவியது, இங்கே வாய்வழியாக மட்டுமே பரவியது. தெரிந்தவன் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம், தப்பாகவும் சொல்லலாம். நமக்கு இது புதிதல்ல. சித்த மருத்துவச் சுவடிகள் பரிபாஷையில் எழுதப்பட்டிருக்கின்றன. குரு வாய் திறக்காவிட்டால் ஏடு கையில் இருந்தும் பயனில்லை. மறைப்பதற்காகவே எழுதப்பட்ட கையேடுகள் அவை. இவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான், வாங்கியவன் யாராயிருந்தாலும் ஒரே சொல்லைச் சொல்லிவிட்டுப் போகும் மலிவான அச்சுத் தாளின் கண்ணியம் தெரிகிறது.

பெட்டிக்கு வெளியே இருப்பதையே தன் வேலையாகக் கொண்ட தாள்களும் உண்டு. 1990இல் வந்த ‘ஸ்டார்டிராபிக்ஸ்’ ஆட்டத்தோடு ஒரு கடிதம் இருந்தது. ஆட்டத்தின் ஒரு கட்டத்தில் அதைத் தண்ணீரில் நனைத்தால்தான் 747 என்ற எண் தெரியும். பிற்காலத்தில் அதை இணையம் வழியே மறுபடி விற்றபோது திரையில் ஒரு வாளித் தண்ணீரை வரைந்து காட்டினார்கள். 1998இன் ‘மெட்டல் கியர் சாலிட்’ ஒரு வானொலி அலைவரிசையைக் குறுந்தகட்டு உறையின் பின்பக்கத்தில் தேடச் சொல்லும். பர்மா பஜார் வகைத் தட்டுக்குப் பின்பக்கம் ஏது? அலைவரிசையை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். திருட்டுப் பிரதியில் ஆட்டம் முழுதாக வந்தது, அதன் பின்னட்டை மட்டும் வரவில்லை.

எழுத்தின்மேல் உள்ள ஆகப் பழைய குற்றச்சாட்டு பிளேட்டோவின் ‘ஃபீட்ரஸ்’ உரையாடலில் இருக்கிறது. எழுத்தைக் கண்டுபிடித்த தெய்வம் அதை நினைவுக்கு மருந்து என்று அரசனிடம் கொண்டுவருகிறது. அரசன் அதை மறதி தரும் பண்டம் என்று மறுக்கிறான். அங்கே வரும் கிரேக்கச் சொல் ஃபார்மகான். மருந்து, நஞ்சு இரண்டுக்கும் அதுவே சொல்; தெரிதா 1968இல் இதை வைத்து நீண்ட கட்டுரையே எழுதினார். சாக்ரடீஸின் புகார் இன்னொன்று: எழுத்தைக் கேள்வி கேட்டால் பதில் சொல்லாது, சொன்னதையே திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டாயிரம் ஆண்டுகளாக இது குறையாகவே கொள்ளப்பட்டிருக்கிறது. எனக்கு இப்போது இதுவே அச்சுக் கையேட்டின் ஒரே நியாயம் என்று படுகிறது. இன்றைய ஆட்டம் விற்றபின்னும் மாறுகிறது. செய்தவன் தொலைவிலிருந்து அதைத் திருத்துகிறான், நீக்குகிறான், சமயத்தில் மூடிவிடுகிறான். உள்ளே வைத்த கையேடும் அவன் திருத்துக்கு உட்பட்டது. நின்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ கருவிகளில் கையேட்டைக் கருவிக்குள்ளேயே வைத்தது. 2023 மார்ச்சில் அவற்றின் இணையக் கடையை மூடியது. விற்றவன் கை எட்டாத இடத்தில், விற்ற நாளில் என்ன சொன்னானோ அதையே சொல்லிக்கொண்டிருக்க ஏதாவது வேண்டும் அல்லவா? அதற்குப் பிடிவாதக்காரச் சாட்சியே தகும். போடியில் இந்த நியாயம் வியாபாரிகளுக்கு எப்போதோ புரிந்திருக்கிறது. 2007இல் ஏலத்தின் ஏலம் (தமிழ் இங்கே தானாகவே சிரிக்கிறது) கணினிக்கு மாறியது; விலை திரையில் ஓடும், ஆனாலும் காய் மாதிரி கையில் வந்தாக வேண்டும். திரையைச் சரிபார்க்கும் பொருள் திரைக்குள்ளேயே இருந்தால் யார் பணம் கட்டுவார்கள்?

பொருள் அழிந்து எழுத்து மிஞ்சிய கதையும் நம்மிடம் இருக்கிறது. யாழ் வழக்கொழிந்தது. சிலப்பதிகாரமும், அதற்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையும் தப்பின, உ.வே. சாமிநாதையர் 1892இல் அவற்றை அச்சிட்டார். அந்த வரிகளையும் கணக்கையும் மட்டும் பிடித்துக்கொண்டு விபுலானந்தர் 1947இல் ‘யாழ் நூ’லை வெளியிட்டார், அதே ஆண்டில் மறைந்தார். அந்தக் கணக்கின்படி யாழ் செய்து மீட்டவும் செய்தார்கள். அது பழைய யாழ்தானா என்று கேட்கலாம். கேட்பதற்கும் அந்த உரைதான் இடம் தருகிறது. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான வீடியோ கேம்களில் 87 சதம் இன்று கடையில் வாங்க முடியாதவை என்று 2023இல் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை கணக்கெடுத்துச் சொன்னது. அவற்றுக்கு ஒரு அடியார்க்குநல்லார் வேண்டுமென்றால், உறையில் போட்டுப் பூட்டிவைக்கும் சேகரிப்பாளனை நம்பித்தான் இருக்கவேண்டும் போலும்.

இதுவரை பேசியது விளையாட்டு. போடிக்காரர்களுக்கு இதைவிட நெருக்கமான ஒரு கையேடு இருக்கிறது. விடியலில் ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியே இடுக்கித் தோட்டங்களுக்குப் போகின்றன. இலைப்பேனுக்கும் காய் துளைக்கும் புழுவுக்கும் ஏலச்செடியில் அடிப்பதை இங்கே யாரும் நஞ்சு என்று சொல்வதில்லை. மருந்து அடிப்பது என்றுதான் சொல்வார்கள். பிளேட்டோவைப் படிக்காமலே அந்தச் சொல்லின் இரண்டு முகத்தையும் ஒரே வாயில் வைத்திருக்கிறார்கள். அந்தப் புட்டியோடு ஒரு தாள் இருந்தாக வேண்டும் என்பது சட்டம்: 1968இன் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971இன் விதிகளும். எந்தப் பூச்சிக்கு, எப்படி அடிப்பது, உடம்பில் ஏறினால் என்ன அறிகுறி, முதலுதவி என்ன, முறிமருந்து என்ன, காலிப் புட்டியை என்ன செய்வது, இவ்வளவும் அதில் வேண்டும். இந்தி, ஆங்கிலத்தோடு விற்கும் இடத்தின் மொழியிலும் வேண்டும். படிக்கத் தெரியாதவனுக்காகப் புட்டியின் மேல் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நிற அடையாளம்.

அறிவொளி மரபின் ஆக நல்ல பக்கம் இந்தத் தாள். ஆனால் அதை நிரபராதி என்று சொல்லிவிட முடியாது. சொல்லிவிட்டேன் என்று எழுதியவன் விலகிக்கொள்ளவும் அதுவே வழி: கையுறை போடச் சொன்னோம், காற்றுக்கு எதிரே நிற்காதே என்றோம், மீறியது நீ. பல மொழிகளைத் திணித்து, பொடி எழுத்தில், எட்டாக மடித்து வைத்ததும் சொன்னதாகத்தான் கணக்கு. தாள் புட்டியோடு தோட்டத்து ஸ்டோரில் தங்கிவிடுகிறது. கலக்கிய மருந்து மட்டும் டிரம்மிலிருந்து குழாய் வழியே சரிவுக்குப் போகிறது. அடிப்பவர் தேனி மாவட்டத்துத் தமிழராக இருக்கலாம், இப்போது ஜார்க்கண்டிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்தவராகவும் இருக்கலாம். அவருக்கு விதி வாய்மொழிதான், சொல்பவர் கங்காணி. ஆடுபுலியில் போல எதிரே உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளும் விதி அல்ல அது. தாளைத் திரைக்கு மாற்றிவிடலாம் என்று நாளை யாராவது மரத்தின் பெயரால் சொல்லக்கூடும். மலைச்சரிவில் டவர் கிடைக்காத மடிப்புகள் எத்தனை என்பது ஜீப் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

ஆகவே வைத்திருப்பது தகுமா என்ற கேள்வியில் எனக்கு உறுத்துவது ‘தகுமா’ அல்ல, ‘வைத்திருப்பது’ யார் என்பது. ‘கான்ட்ரா’வின் அமேசான் கதை இல்லாமல் ஒரு பையன் குரங்கணிக் காட்டில் சுட்டுத் தீர்த்ததில் எவருக்கும் நஷ்டமில்லை. மயங்கி விழுந்தவரை ஏற்றிக்கொண்டு பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஜீப் இறங்கி வரும்போது ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது என்ன மருந்து என்பதைத்தான். ஆர்கனோபாஸ்பரஸ் வகையென்றால் அட்ரோபினோடு பிராலிடாக்ஸிமும் யோசிப்பார்கள்; கார்பமேட் என்றால் இரண்டாவதைப் பொதுவாகக் கொடுப்பதில்லை. கூட வந்தவர்களிடம் புட்டியின் நிறம் நினைவிருக்கிறது. தாள் மேலே ஸ்டோரில் இருக்கிறது.