மானமும் உரித்தும்

கிராமிய அபிவிருத்தித் திட்டமொன்று நிறைவுற்றதும் அதன் அறிக்கை எழுதப்படுகிறது. எத்தனை பெண்கள் பயன்பெற்றனர், எவ்வளவு கடன் வழங்கப்பட்டது, அதில் எத்தனை வீதம் திரும்பி வந்தது என்பன அதில் இருக்கும். இறுதியில் பெண்கள் வலுவூட்டப்பட்டனர் என்றொரு வாக்கியமும் இருக்கும். பத்துப் பதினைந்து வருடங்களின் பின்னர் அந்த வலு எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. இது கணக்காய்வாளரின் கேள்வி மட்டுமாக இருந்திருந்தால் இலக்கியச் சஞ்சிகையொன்றில் அதற்கு இடம் தேவைப்பட்டிராது. ஒரு மனித உயிரை எதற்காகப் பயன்படுத்தலாம், எதற்காகப் பயன்படுத்தலாகாது என்ற ஒழுக்கவியல் கேள்வி அதனுள் பொதிந்திருப்பதனாலேயே அதனை இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

இவ்விடயத்தில் நீண்ட அனுபவம் கொண்ட நாடு பங்களாதேஷ். சிட்டகாங் பல்கலைக்கழகத்தின் பொருளியற் பேராசிரியராக இருந்த முஹம்மத் யூனுஸ், 1976 இல் அருகிலிருந்த ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்கு 856 டாக்காவைக் கடனாகக் கொடுத்தார். 1983 இல் அம்முயற்சி கிராமீன் வங்கியாகச் சட்ட அந்தஸ்துப் பெற்றது. 2006 இல் அவருக்கும் வங்கிக்கும் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. ஆரம்பத்தில் கடன் பெற்றோருள் ஆண்களும் பெருந்தொகையினராக இருந்தனர். காலப்போக்கில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் அதிகமானோர் பெண்கள் என்றாயிற்று. அதற்கு இரண்டு காரணங்கள் கூறப்பட்டன. பெண்ணின் கைக்கு வரும் காசு பிள்ளைகளின் வயிற்றுக்குப் போகிறது என்பது ஒன்று. பெண் ஒழுங்காகத் திருப்பிச் செலுத்துவாள் என்பது மற்றது.

இந்த இரண்டாவது காரணத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். ஐவர் கொண்ட குழு, கிழமைக்கொரு கூட்டம், எல்லோர் முன்னிலையிலும் தவணைப் பணம் என்பதே அங்குள்ள நடைமுறை. காணியோ நகையோ ஈடாகக் கேட்கப்படவில்லை. அப்படியாயின் ஈடாக நின்றது எது? மானிடவியலாளர் லாமியா கரீம், பங்களாதேஷின் கடன்பட்ட பெண்களைப் பற்றி 2011 இல் வெளியிட்ட நூலில், இதனை வெட்கத்தின் மீது நடத்தப்படும் பொருளாதாரமாகக் காண்கிறார். தவணை தவறினால் சக உறுப்பினர்களே வாசலில் வந்து நிற்பர். சட்டி பானையும் கூரைத் தகரமும்கூடக் கைமாறியதுண்டு. கணவன் சந்தையில் இருக்கலாம், வேறூரில் இருக்கலாம். வீட்டில் இருப்பவள் அவள். ஓடி ஒளிய முடியாதவள் என்பதே அவள் நம்பிக்கைக்குரியவள் என்று கருதப்படப் போதுமான தகுதியாகிவிட்டது.

ஆயினும் ஒரு பக்கத்தை மட்டும் சொல்வது நீதியாகாது. 1996 இல் ஒரே ஆய்விதழில் இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. ஆன் மேரி கோட்ஸும் ரினா சென் குப்தாவும், பெண்கள் பெயரில் எடுக்கப்பட்ட கடன்களில் நூற்றுக்கு 60க்கும் அதிகமானவற்றில் பெண்ணுக்கு அரைகுறையான கட்டுப்பாடே இருந்தது அல்லது அதுவும் இருக்கவில்லை எனக் கண்டனர். சயீத் ஹாஷிமி, சிட்னி ஷூலர், ஆன் ரைலி மூவரும் எழுதிய மற்றக் கட்டுரையோ, இத்திட்டங்களில் சேர்ந்த பெண்கள் வெளியே போய்வருவதிலும், பொருள் வாங்குவதிலும், குடும்பத் தீர்மானங்களில் பேசுவதிலும் முன்னேறியிருப்பதாகக் கூறிற்று. பின்னர் நைலா கபீர், கடன் பெற்ற பெண்களின் சொந்த வாய்மொழியைக் கேட்டு எழுதியபோது, பணத்தைக் கணவன் கையாண்ட வீடுகளிலும் தமக்கு மதிப்புக் கூடியதாகப் பெண்கள் சொன்னமையைப் பதிவுசெய்தார்.

இவை ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றும். உண்மையில் அவை வெவ்வேறு பொருள்களை அளந்தன. பணம் எங்கே போயிற்று என்று கேட்டால் ஒரு விடை. பெண் எங்கே போய்வந்தாள் என்று கேட்டால் வேறொரு விடை. கடன் கணவனின் ரிக்‌ஷாவுக்குப் போயிருக்கலாம். கூட்டத்துக்கு நடந்துபோன பாதையும், கற்றுக்கொண்ட கையெழுத்தும், அந்நியர் முன் தன் பெயரைத் தானே சொன்ன அனுபவமும் அவளுடன் தங்கிவிட்டன. வங்கி இவற்றைக் கொடுக்கவேண்டுமென்று எண்ணிக் கொடுத்தது பாதி. பெண்கள் தாமாக எடுத்துக்கொண்டது மீதி.

அப்படியாயின் நிலைத்து நிற்பது எது? அதே வங்கியின் வீடமைப்புத் திட்டம் இதற்கு நல்லதோர் உதாரணம். 1984 இல் தொடங்கிய அத்திட்டத்திற்கு 1989 இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. நான்கு கொங்கிரீட் தூண்களும் தகரக் கூரையும் கொண்ட எளிய வீடு அது. அதைவிட முக்கியமானது அதிலிருந்த நிபந்தனை: வீடு நிற்கும் நிலத்தின் உறுதி கடன் பெறும் பெண்ணின் பெயரில் இருத்தல் வேண்டும். நினைத்த மாத்திரத்தில் மூன்று முறை தலாக் சொல்லி மனைவியைத் தெருவில் விடும் ஆணுக்கு, வெளியேற வேண்டியவன் தானே என்ற நிலை அங்கு உருவாயிற்று. தவணை கட்டி முடிந்த பின்னரும் உறுதி இருக்கும். வங்கி அலுவலர் மாறிய பின்னரும் இருக்கும்.

பிராக் நிறுவனம் 2002 இல் பரம ஏழைப் பெண்களுக்காகத் தொடங்கிய திட்டமும் இதனையே வேறு விதமாகக் காட்டுகிறது. அங்கு கடனுக்குப் பதிலாகப் பசுவோ ஆடோ இலவசமாகக் கொடுக்கப்பட்டது. 2015 இல் வெளியான ஆய்வொன்று, கொடுக்கப்பட்ட கால்நடை பெண்ணின் உடைமையாகவே நீடித்ததாகவும், பின்னர் குடும்பம் புதிதாகச் சேர்த்த சொத்துக்களோ பெரும்பாலும் ஆணின் பெயருக்கே போனதாகவும் கண்டது. இவளுடையது என்று ஊரறியச் சொல்லிக் கொடுக்கப்பட்டது அவளுடன் நின்றது. சொல்லாமல் விடப்பட்டது பழைய வழக்கத்தின் வழியே ஓடியது.

இதனை வாசிக்கும் கிழக்கிலங்கை வாசகருக்கு ஒரு புன்னகை வரக்கூடும். பெண்ணின் பெயரில் வீடு என்பது நமக்குப் புதிதல்லவே. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோர முஸ்லிம்களிடையே சீதன வீடு தாய்வழியாக மகளுக்குச் செல்வது எந்தத் திட்டமும் கற்றுத்தராத வழக்கம். அவ்வழக்கின் சுமையையும் நாமறிவோம். அந்த வீட்டைக் கட்டுவதற்காகவே எத்தனையோ பெண்கள் மத்திய கிழக்கில் பணிப்பெண்களாய்த் தேய்ந்தார்கள். உறுதி கையில் இருந்தும் பேச்சு வாயில் இல்லாத வீடுகளும் உண்டு. எனினும் மணவாழ்வு முறிந்தால் அவளும் பிள்ளைகளும் கூரையின்கீழ் இருப்பர்.

2004 டிசெம்பரில் சுனாமி வந்தது. அதன்பின் அபிவிருத்தி வந்தது. புதிய வீடுகளும் நட்டஈடும் குடும்பத் தலைவர் என்ற தலைப்பின்கீழ் பல இடங்களில் ஆணின் பெயருக்கு எழுதப்பட்டன. கடல் கொண்டுபோனது பெண்ணின் வளவு. படிவம் திருப்பிக் கொடுத்தது கணவனின் வீடு. பெண்கள் அமைப்புகள் குரல் எழுப்பின. தலைமுறைகளாக நின்ற உரித்தொன்றை ஒரு படிவத்தின் ஒரு கட்டம் அழிக்க முடியுமென்பதை அப்போது கண்டோம். திட்டங்களின் நிலைத்த விளைவு என்பதில் இதுவும் அடங்கும்.

2009 இல் யுத்தம் முடிந்த பின்னர் வடக்கிலும் கிழக்கிலும், வறண்ட வலய விவசாயக் கிராமங்களிலும் நுண்கடன் கம்பனிகள் பரவின. குழு முறையையும் வெட்கத்தையும் அவை எடுத்துக்கொண்டன. வீட்டு உறுதியைப் பெண்ணுக்கு எழுதும் நிபந்தனையை விட்டுவிட்டன. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்றாயிற்று. 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபா வரையான கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர நேர்ந்தது. 2021 இல் ஹிங்குராங்கொடையில் கடன்பட்ட பெண்கள் கடன்களை இரத்துச் செய்யக் கோரி வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தனர். தவணை கேட்டு வருபவனுக்கு அஞ்சிக் கதவைச் சாத்தியவர்கள், நாங்கள் கடன்காரிகள் என்று ஊரறியச் சொல்லி உட்கார்ந்தார்கள். அவர்களது வெட்கத்தை நம்பிக் கொடுக்கப்பட்ட கடனுக்கு அன்று ஈடில்லாமற் போயிற்று. எந்தத் திட்ட அறிக்கையிலும் எழுதப்படாத வலுவூட்டல் அது.

பெண்ணின் மானத்தை ஈடாகக் கொள்ளும் திட்டம் அவளை ஒரு கருவியாக்குகிறது. அதன் நோக்கம் பிள்ளைகளின் பசி போக்குவதாக இருந்தாலும் இக்குற்றம் நீங்காது. அவளது பொறுமையும் அச்சமும் அதன் முதலீடாக இருக்கும்வரை, அவள் அஞ்சாதிருக்கக் கற்பது அத்திட்டத்துக்கு நட்டமாகும். பெண் வலுப்பெறுவதால் நட்டமடையும் ஒன்றுக்குப் பெண்வலுவூட்டல் என்று பெயரிடுவது எவ்வாறு? நமது மார்க்கச் சட்டம் மனைவியின் உழைப்பும் மஹரும் அவளுக்கே உரியன என்று நெடுங்காலத்துக்கு முன்னரே வகுத்துவிட்டது. அதை உறுதியிலும் வங்கிப் புத்தகத்திலும் எழுதிக் காட்டும் கடமையில் பின்னின்றவர்கள் நாமே.

ஆகவே நாளை ஊருக்குள் வரும் திட்டத்தை அதன் பெயர்ப்பலகையைக் கொண்டு எடைபோட வேண்டியதில்லை. அது போன பிறகு எது யாருடைய பெயரில் எஞ்சும், வேண்டாம் என்று சொல்லும் பெண்ணுக்கு என்ன நேரும் என்ற இரண்டையும் கேட்டால் போதும். பதிலை முதலில் பெண்களிடமே கேட்க வேண்டும். படிவம் அச்சாவதற்கு முன்னர் கேட்க வேண்டும்.