யாருடைய துயரம்?

தன் துயரத்தைப் பாட்டாக்குகிறவரை நாம் பொதுவாகக் கேள்வி கேட்பதில்லை. பட்டவர் பாடுகிறார், பாடட்டும் என்று விட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன், மேரி கோஷே என்ற அமெரிக்கப் பாடகியின் பாட்டொன்றைக் கேட்கும் வரைக்கும்.

(நான் இருப்பது பிரெஞ்சு பேசும் நகரம். இந்தப் பெயரை எழுத்தில் காட்டினால் இங்கே எல்லோரும் 'கோத்தியே' என்றுதான் வாசிப்பார்கள். அவரோ லூசியானாக்காரர். அங்கே போன பிரெஞ்சு தன்பாட்டில் வேறு வழியால் நடந்து 'கோஷே' ஆகிவிட்டது. எங்கள் பிள்ளைகளின் பெயர்களைப் பள்ளிக்கூடத்தில் கூப்பிடுவதைக் கேட்டவர்களுக்கு இது புதினமாக இராது.)

அவருடைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1962 மார்ச் 11 இல் நியூ ஓர்லீன்ஸில் பிறந்தார். பெற்றவள் அவரை அங்கிருந்த சென் வின்சென்ற் காப்பகத்தில் விட்டுவிட்டுப் போனாள். பிறகு ஒரு குடும்பம் தத்தெடுத்தது. பதினைந்து வயதில் அந்த வீட்டுக் காரையே எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார். குடி, போதைப்பொருள், மறுவாழ்வு நிலையம். பதினெட்டாவது பிறந்தநாள் கன்சாஸில் ஒரு சிறைக்கூடத்தில் கழிந்தது. பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படிக்கப் போய் முடிக்காமலே விட்டார். (நானும் மெய்யியலை இரண்டாம் ஆண்டோடு விட்டவன். காரணங்கள் வேறு.) பின்னர் சமையற்கலை படித்து பொஸ்ரனில் 'டிக்ஸி கிச்சின்' என்றொரு லூசியானாச் சாப்பாட்டுக்கடை திறந்தார். கடை திறந்த இரவே, 1990 யூலையில், குடித்துவிட்டுக் கார் ஓடியதற்காகப் பொலிஸ் பிடித்தது. அத்தோடு குடியை விட்டார். பாட்டு எழுதத் தொடங்கியது முப்பது வயது நன்றாகத் தாண்டிய பிறகுதான். 1997 இல் வந்த முதல் இசைத்தட்டுக்கும் கடையின் பெயரையே வைத்தார். அடுத்ததற்குக் காசு தேவைப்பட்டபோது கடையில் தனக்கிருந்த பங்கை விற்றார்.

சாப்பாட்டுக்கடை என்று வாசித்ததும் எனக்கு வந்த முதற்கேள்வி, அங்கே கோப்பை கழுவியது யார் என்பது. பதினொரு வருடமாகக் கழுவுதொட்டிக்கு முன்னால் நிற்கிறவனுக்கு வேறு என்ன தோன்றும்? துயரத்தைப் பாட்டாக்குவதற்குத் துயரம் மட்டும் போதாது, விற்பதற்குக் கையில் ஒரு பங்கும் இருக்கவேண்டும் என்று நினைத்தேன். இதில் கொஞ்சம் பொறாமை இருக்கிறது. விட்டுவிடுவோம்.

இவர் பாடுவதுபோன்ற பாட்டுகளை அமெரிக்கானா என்கிறார்கள். கன்ட்ரி, நாட்டார் பாட்டு, புளூஸ், தேவாலயப் பாட்டு எல்லாம் சேர்ந்த ஒரு கலவை. பெரிய வானொலிகளில் இடம் கிடைக்காதவர்கள் பலர் இந்தப் பெயருக்குக் கீழே ஒதுங்கியிருக்கிறார்கள். 1999 இல் அவர்களுக்கென்று ஒரு சங்கமும் அமைந்தது. கோஷேயின் குரல் இனிமையானது என்று நான் சொல்லமாட்டேன். கிற்றாரை மீட்டிக்கொண்டு பக்கத்திலிருந்து கதைப்பவர் போலப் பாடுகிறார்.

2010 இல் 'த பவுண்ட்லிங்' என்று ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். கண்டெடுக்கப்பட்ட குழந்தை என்று பொருள். முழுவதும் அவருடைய கதைதான். நாற்பது வயது தாண்டிய பிறகு, தன்னைப் பெற்றவளைத் தேடிக் கண்டுபிடித்து ரெலிபோன் எடுத்திருக்கிறார். அந்தப் பெண் சந்திக்க மறுத்துவிட்டாள். இப்படியொரு பிள்ளை இருந்ததை இரகசியமாக வைத்தே வாழ்ந்து முடித்துக்கொண்டிருந்தவள் அவள். அந்த ரெலிபோன் அழைப்பு ஒரு பாட்டாகியிருக்கிறது. பாட்டின் தலைப்பு, அவர் பிறந்த திகதி.

பாட்டு என்னைக் கலக்கியது உண்மை. மூன்றாவது தரமோ நாலாவது தரமோ கேட்கும்போதுதான் மறுமுனையில் ரெலிபோனைப் பிடித்துக்கொண்டு நின்ற கிழவியை யோசித்தேன். பெயர் தேவையில்லை. திகதி ஒன்றே போதும் அவளுக்கு. நாற்பது வருடத்துக்கு மேலாக அவள் யாருக்கும் சொல்லாமல் சுமந்த திகதி, இப்போது கடைகளில் விற்கிற இசைத்தட்டின் பின்னட்டையில் இருக்கிறது. இதற்கு மகளுக்கு உரிமை உண்டா?

உண்டு என்றுதான் முதலில் எனக்குப் பட்டது. கைவிடப்பட்டவள் அவள். அது அவளுடைய பிறப்பு, அவளுடைய வாழ்க்கை. 'தாய்க்கு மானக்கேடு, பாடாதே' என்று சொல்வதானால் அது எங்கள் ஊர்ப் பெரியவர்களின் குரல். குடும்ப மானம் என்ற சொல்லால் எத்தனை பெண்களின் வாயைக் கட்டியிருக்கிறோம்! அதோடு, அந்தத் தாயின் இரகசியமும் முழுக்க அவள் தேர்ந்தெடுத்ததல்ல. மணமாகாமல் தாயாகிற பெண்களை ஒளித்துவைத்துப் பிள்ளையைப் பிரித்துக் கொடுப்பதற்கென்றே அந்தக் காலத்து அமெரிக்காவில் நிலையங்கள் நடந்தன. வெட்கத்தை அவள்மேல் சுமத்தியது சமூகம். தகப்பன் யார் என்று நான்கூட இந்த வரி வரைக்கும் கேட்கவில்லை, பாருங்கள்.

ஆனால் இந்த நியாயத்தோடு நிற்க முடியவில்லை. சமூகம் சுமத்திய வெட்கத்தை உடைக்கும்போது உடைபடுவது சமூகமா? வீட்டு வாசலில் அயலவரின் முகத்தைப் பார்க்கவேண்டியவள் அந்த ஒருத்திதான். துயரம் என்று நாம் ஒருமையில் சொல்கிறோம். அது காணித்துண்டு போல எல்லைபோட்ட சொத்து அல்ல. என் துயரத்தின் பாதி வேறு யாரோ ஒருவருடைய வீட்டுக்குள் கிடக்கிறது. அதை எடுக்கப் போனால் அவருடைய கதவைத்தான் திறக்கவேண்டும்.

அவுஷ்விற்ஸுக்குப் பிறகு கவிதை எழுதுவது காட்டுமிராண்டித்தனம் என்று அடோர்னோ சொன்னதை எங்கள் சஞ்சிகைகளில் தேவைக்கும் தேவையில்லாமலும் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். 1966 இல் அவரே அதைத் திருத்தி, வதைபடுகிறவனுக்கு அலற உரிமை இருப்பதுபோலத் துயரத்துக்கும் வெளிப்பட உரிமை உண்டு என்ற அர்த்தத்தில் எழுதினார். இதுவும் பலருக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவில், 1962 இல், அவர் எழுப்பிய சங்கடம் ஒன்று இருக்கிறது. உடல் பட்ட வேதனையைக் கலையாக்கும்போது அதிலிருந்து இன்பம் பிழிந்தெடுக்கப்படும் சாத்தியமும், எவ்வளவு தூரத்திலென்றாலும், கூடவே வருகிறது என்பது அது. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். நான் அந்தப் பாட்டை நாலு தரம் கேட்டேனே, ஏன்? நல்லாயிருந்தது, அதனால்.

இவ்வளவு தூரம் ஒரு அமெரிக்கக் கிழவிக்காக நான் வழக்காடுவதற்குக் காரணம் உண்டு.

எங்களில் பெரும்பாலானோர் ஒருமுறையாவது துயரத்தைச் சொல்லி எதையோ வாங்கியவர்கள். அகதி விண்ணப்பம் என்பது என்ன? முறையாகவும் முரண்பாடில்லாமலும் திகதி வாரியாகவும் சொல்லப்படவேண்டிய துயரம். 2011 இல் என்னுடைய முதல் கேஸ் நிராகரிக்கப்பட்டது. இரண்டாவது தரம் கேஸ் எழுதிக்கொடுத்த அண்ணை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உம்மட கதை எல்லாற்ற கதையும் மாதிரிக் கிடக்கு. வீட்டில வேற ஆருக்கும் ஏதும் நடந்ததோ?"

நடந்திருந்தது. எங்கள் வீட்டுப் பெண் ஒருவருக்கு. உறவுமுறையை எழுதப்போவதில்லை. இடத்தையும் ஆண்டையும் எழுதப்போவதில்லை. அவ தன் வாயால் அதை யாருக்கும் சொன்னவ அல்ல. எனக்கும் சொல்லவில்லை, எனக்குத் தெரியவந்தது அவ்வளவுதான். நான் அதைச் சொன்னேன். அண்ணை எழுதினார். மொழிபெயர்ப்பாளர் ஒருவர், சட்டத்தரணி ஒருவர், மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த மூன்று பேர், எல்லோரும் அதைக் கேட்டார்கள். அந்த மூவரில் ஒருவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கேஸ் வென்றுவிட்டது என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்தது. சந்தோசப்பட்டேன். அதை ஒளிக்க விரும்பவில்லை.

கோஷேக்குத் திரும்பி வருகிறேன். 2018 இல் அவர் வெளியிட்ட 'றைபிள்ஸ் அன்ட் றோசரி பீட்ஸ்' என்ற இசைத்தட்டில் பதினொரு பாட்டுகள். போருக்குப் போய்வந்த அமெரிக்கச் சிப்பாய்களோடும் அவர்களின் துணைகளோடும் சேர்ந்து இருந்து எழுதியவை. டார்டன் சிமித் என்ற இன்னொரு பாடகர் தொடங்கிய அமைப்பொன்று இதற்கென ஒன்றுகூடல்களை நடத்துகிறது. சிப்பாய் சொல்லச் சொல்லப் பாடகர் பாட்டாக்கி, சொன்னவருக்கே பாடிக்காட்டுகிறார். சொன்னவரின் பெயரும் எழுதியவர் என்று பதிவாகிறது. அந்த இசைத்தட்டு கிறாமி விருதுக்கும் முன்மொழியப்பட்டது.

1995 இல் ஏழு வயதில் நாவற்குழிப் பாலத்தால் நடந்து வந்தவன் நான். எந்த நாட்டுச் சீருடையின் துயரத்தையும் கேட்க எனக்கு ஆசையில்லை. பதினொரு பாட்டும் போனவர்களின் பக்கத்திலிருந்து பாடப்படுபவை. யாருடைய தெருவுக்கு அவர்கள் போனார்களோ, அவர்களுடைய பாட்டை வேறு யாராவது வேறு மொழியில்தான் பாடவேண்டும். இந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் அதில் 'ஈராக்' என்று ஒரு பாட்டு. வாகனம் திருத்தும் பெண் சிப்பாய் ஒருவருடையது. அவர் பயந்தது எதிரிக்கு அல்ல, கூட நின்ற தன் பக்கத்து ஆண்களுக்கு. அதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் வேலையில் என் கை ஓடவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் அவரது சம்மதத்தோடு பாட்டில் பதிவாகியிருக்கிறது. பாட்டு அவருக்கு முதலில் பாடிக்காட்டப்பட்டது. 2010 இல் தாயிடம் பெறாத ஒன்றை, 2018 இல் அறிமுகமில்லாத சிப்பாய்களிடம் இந்தப் பாடகி பெற்றிருக்கிறார். இடையில் அவருக்குள் என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஒருவேளை ஒன்றும் நடக்காமலும் இருக்கலாம். மறுத்த தாயிடம் சம்மதம் கேட்பது எப்படி?

எங்கள் ஊர்ச் செத்தவீடுகளில் ஒப்பாரி வைக்கும் பெண்கள் பலர், பிரேதத்தைப் பார்த்துத் தங்கள் துக்கத்தைத்தான் அழுவார்கள். புருசன் அடித்தது, பிள்ளை போனது எல்லாம் அந்த அழுகைக்குள் வந்துவிடும். யாரும் தடுப்பதில்லை. அங்கே இன்னொருவருடைய சாவு ஒரு மறைப்பாக நின்று அழுகிறவளைக் காக்கிறது. நான் செய்தது இதன் மறுபக்கம். என்னுடைய கேஸுக்கு முன்னால் அவவைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

இந்தக் கட்டுரையை எழுத முன்னர் அவவிடம் கேட்கவேண்டும் என்று நினைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை ரெலிபோன் எடுத்தேன். மாவிலை, கோயில், ஆருக்கோ கலியாணம் என்று கதைத்துக்கொண்டிருந்துவிட்டு அவவே கேட்டா: "அது சரி, அங்க என்னத்தைச் சொல்லி உனக்கு அந்த நேரம் விசா தந்தவங்கள்?"

"பொதுவா நாட்டு நிலைமையைத்தான் சொன்னனான்" என்றேன்.

"ம்" என்றா. கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பேந்து, அங்கே குளிர் தொடங்கிவிட்டதோ என்று கேட்டா.