அச்சமும் அடைக்கலமும்

தா.பழூரில் இருக்கும் என் அக்காள் வீட்டுக்குச் செல்லும்போதெல்லாம், இரவு உணவு முடிந்ததும் அவள் மகன் கைப்பேசியோடு ஒரு மூலையில் ஒதுங்கிவிடுவதைக் காண்கிறேன். கல்லூரிப் படிப்பை முடித்து வேலைக்குக் காத்திருக்கும் இளைஞன். ஞாயிறு திருப்பலியில் பாடற்குழுவில் நிற்பவன். அவன் விரும்பிப் பார்ப்பவை பேய்ப் படங்கள். விளக்கை அணைத்து, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு நள்ளிரவு வரை பார்ப்பான். மறுநாள் காலைத் தேநீரோடு தீர்ப்புகள் வெளிவரும். 'ஈரம்' நல்ல படம். 'காஞ்சனா' சிரிப்பதற்கு மட்டும். 'மாயா'வைத் தனியாகப் பார்க்கக் கூடாது. நேற்றுப் பார்த்த கொரியப் படத்துக்குப் பத்துக்கு ஏழு மதிப்பெண்.

"அவ்வளவு பயமென்றால் ஏன் பார்க்கிறாய்?" என்று ஒருநாள் கேட்டேன். "பயப்படத்தான் மாமா பாக்கறேன். ஆனா இப்பல்லாம் முன்ன மாதிரி பயமே வர்றதில்ல" என்றான். விளையாட்டாகச் சொன்ன சொல்தான். எனினும் அது என் உள்ளத்தை விட்டு அகலவில்லை. அச்சம் வருவதில்லை என்று ஒருவன் வருந்துகிறான் என்றால், அவனிடமிருந்து மறைந்துபோனது எது?

அச்சத்தைச் சுவையாகக் கொள்வது புதிய தீமை என்று எவரும் கருத வேண்டாம். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, அவற்றுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்தார். தெய்வமும் பேயுமாகிய அணங்கு, விலங்கு, கள்வர், தமக்கு இறைவராயினார் ஆகிய நான்கினின்றும் அச்சம் பிறக்கும் என்றும் பகுத்துரைத்தார். தா.பழூரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட முதற் குலோத்துங்கனின் கலிங்கப் போரைப் பாடிய செயங்கொண்டார், பசியால் வாடும் பேய்களைக் காளியின் முன் நிறுத்தினார். பின்னர் அவற்றைப் போர்க்களத்துக்கு அனுப்பிப் பிணக்குவியல்களுக்கிடையே கூழ் சமைத்து உண்ணவும் வைத்தார். கேட்டோர் நடுங்கியும் இருப்பர், நகைத்தும் இருப்பர். ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்பே அச்சமும் நகைப்பும் ஒரே பந்தியில் அமர்ந்துவிட்டன. ஆகவே பேய்க்கதை கேட்பதே பாவம் என்று சொல்லி இந்த வினாவை எளிதாக முடித்துவிட இயலாது.

வினாவை ஆழமாக எழுப்பியவர் புனித அகுஸ்தீனார். தம் வாழ்வை இறைவனிடம் அறிக்கையிட்டு எழுதிய நூலில், இளமையில் தாம் நாடகங்களில் மயங்கிக் கிடந்ததை அவர் நினைவுகூர்கிறார். தனக்கு நேர விரும்பாத துன்பத்தை மேடையில் கண்டு வருந்துவதில் மனிதன் ஏன் இன்பம் காண்கிறான் என்று கேட்கிறார். அங்கே அமர்ந்திருப்பவனை எவரும் உதவிக்கு அழைப்பதில்லை, வருந்துவதற்கு மட்டுமே அழைக்கிறார்கள் என்பது அவர் கண்ட விடை. அதே நூலில் தம் நண்பர் அலீப்பியுசின் கதையையும் அவர் சொல்கிறார். உரோமையில் சட்டம் பயிலச் சென்ற அலீப்பியுசை, மனிதர் ஒருவரையொருவர் வெட்டி மாய்க்கும் களக்காட்சிக்கு நண்பர்கள் வலிந்து இழுத்துச் சென்றனர். அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். ஆனால் காதுகளை மூடவில்லை. ஒருவன் வீழ்ந்தபோது எழுந்த பேரிரைச்சல் அவர் கண்களைத் திறந்துவிட்டது. அன்று களத்தில் வீழ்ந்தவன் உடலில் பெற்ற காயத்தைவிடப் பார்த்தவர் உள்ளத்தில் பெற்ற காயம் கொடியது என்று அகுஸ்தீனார் எழுதுகிறார்.

இரண்டுக்கும் வேறுபாடு உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உரோமைக் களத்தில் சிந்தியது மெய்யான குருதி. திரையில் சிந்துவது சாயம். 'அதெல்லாம் பொய் மாமா' என்று என் மருமகன் சொல்வதும் உண்மையே. பொய்க் குருதியைப் பார்த்தவன் எவருக்கும் தீங்கு இழைப்பதில்லை. அவனுக்குள் என்ன நிகழ்கிறது என்பதே கேள்வி.

அச்சம் ஏன் நமக்குத் தரப்பட்டிருக்கிறது? நெருப்பைக் கண்ட தாய் அஞ்சுகிறாள். அஞ்சியவுடன் பிள்ளையை வாரி எடுக்கிறாள். கொள்ளிடத்தில் வெள்ளம் ஏறுகிறது என்று கேட்டவன் அஞ்சுகிறான். அஞ்சியவுடன் கரையோரத்து வீட்டாரை எழுப்புகிறான். அச்சம் என்பது கைகால்களுக்கு வரும் கட்டளை. அந்தக் கட்டளை வந்த பின்னும் ஒன்றும் செய்யாமல் படுத்திருக்கப் பழகினால், நாளடைவில் கட்டளையும் ஓய்ந்துவிடும். 'இப்பல்லாம் பயமே வர்றதில்ல' என்னும் நிலை இப்படித்தான் பிறக்கிறதோ என்று எண்ணுகிறேன்.

இதில் வீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1980களில் தொலைக்காட்சிப் பெட்டியையும் வீடியோ டெக்கையும் வாடகைக்கு எடுத்து, விடிய விடியப் படம் பார்த்த இரவுகளை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். தெருவே ஒரு வீட்டுத் திண்ணையில் கூடியிருக்கும். பேய் தோன்றினால் ஒரு பிள்ளை பாட்டியின் மடியில் முகம் புதைக்கும். பாட்டி அதன் முதுகைத் தட்டிக்கொடுப்பாள். அஞ்சியவரைத் தேற்ற அருகில் ஒரு கை இருந்தது. இன்று ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் தனித்தனித் திரை. அஞ்சுபவன் தனியே அஞ்சுகிறான். வேண்டாத இடத்தில் நிறுத்துகிறான். சுவையான இடத்தை மீண்டும் ஓட்டிப் பார்க்கிறான். இறுதியில் மதிப்பெண் இடுகிறான். அலறும் பெண்ணின் பக்கத்தில் அவன் இல்லை. நீதிபதியின் இருக்கையில் இருக்கிறான்.

இதை நான் ஏட்டளவில் சொல்லவில்லை. ஒருமுறை நான் அங்கே தங்கியிருந்த இரவில், அண்டை வீடொன்றிலிருந்து அலறல் கேட்டது. பிள்ளை பெற்றுச் சில வாரங்களே ஆன ஓர் இளந்தாய், தலைவிரி கோலமாக, பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாமல் கூச்சலிட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் கூட்டம் கூடிவிட்டது. 'காத்துக் கருப்பு அடிச்சிருச்சு' என்றார் ஒருவர். வேப்பிலைக்கு ஓடினார் ஒருவர். மந்திரித்த தீர்த்தம் கொண்டுவரச் சென்றார் மற்றொருவர். என் அருகில் நின்ற மருமகன் மெல்லிய குரலில், "படத்துல வர்ற மாதிரியே இருக்கு மாமா" என்றான். அவனைக் கடிந்துகொள்ள வாயெடுத்தேன். அப்போதுதான் நானும் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருப்பதை உணர்ந்தேன். நான் பேய்ப் படங்கள் பார்ப்பவன் அல்லன். எனினும் பார்வையாளனாகவே நின்றேன்.

அப்போது ஒரு மூதாட்டி கூட்டத்தை விலக்கி உள்ளே சென்றார். அந்தப் பெண்ணின் அருகில் அமர்ந்து, அவிழ்ந்த கூந்தலை அள்ளி முடிந்தார். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தார். "ஒண்ணுமில்லடி ஆத்தா, நான் இருக்கேன்" என்றார். அவ்வளவே. அலறல் உடனே நின்றுவிடவில்லை. ஆனால் வாசலில் நின்ற நாங்கள் பேசுவதை நிறுத்திவிட்டோம். விடிந்ததும் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். மகப்பேற்றுக்குப்பின் சிலருக்கு வரும் மனநோய் இது, மருந்தால் குணமாகும் என்றார் மருத்துவர். குணமும் ஆயிற்று.

விரிந்த கூந்தல் நம் திரைப்படங்களில் பேயின் அடையாளம். அந்த மூதாட்டிக்கோ அது முடியவேண்டிய கூந்தல்.

இப்படி முடிய ஒரு கை கிடைக்காதவர்களின் கதை துயரமானது. செருமனி நாட்டில் அன்னலீசு மிக்கேல் என்னும் கத்தோலிக்க மாணவி வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெற்று வந்தாள். தன்னைப் பேய்கள் பற்றியிருப்பதாக அவள் நம்பினாள், பெற்றோரும் நம்பினர். 1975இலும் 1976இலுமாக 67 முறை பேயோட்டும் சடங்கு நடத்தப்பட்டது. உணவை மறுத்து, எலும்பும் தோலுமாகி, 1976 சூலை முதல் நாள் தன் 23ஆம் வயதில் அவள் இறந்தாள். 1978இல் அவளுடைய பெற்றோரும் இரு குருக்களும் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. அவர்கள் கொடியவர்கள் அல்லர், அவளை நேசித்தவர்கள். ஆயினும் பேயை நோக்கிய கண்கள் பட்டினி கிடந்த பெண்ணை நோக்கவில்லை. 2005இல் அவள் கதை ஆங்கிலத் திரைப்படமாக வந்தது. இன்று அதற்கும் எவரோ மதிப்பெண் இட்டுக்கொண்டிருப்பார்.

தொலைதூரம் செல்லவும் வேண்டாம். 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்பி ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். இதை ஏதோ ஒரு சமயத்தாரின் குற்றமென்று நாம் ஒதுக்கிவிட முடியாது. ஆறுதல் தேடி மக்கள் வரும் எந்த வழிபாட்டிடத்திலும் இத்தகைய ஆபத்து உண்டு. எவ்வகையிலும் நோயாளரைச் சங்கிலியிடலாகாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடை விதித்திருக்கிறது. நம் திருச்சபையும் 1992இல் வெளியிட்ட மறைக்கல்வி ஏட்டில், பேயோட்டும் முன் அது நோயன்று என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும் என்றும், நோயைக் கவனிப்பது மருத்துவத்தின் பணி என்றும் தெளிவாகக் கற்பிக்கிறது.

அப்படியானால் இப்படங்களை அறவே விலக்கிவிடலாமா? அவ்வாறு சொல்ல எனக்குத் துணிவில்லை. 1993இல் வந்த 'மணிச்சித்ரத்தாழ்' என்னும் மலையாளப் படத்தையும், அதே கதையைத் தழுவி 2005இல் தமிழில் வந்த 'சந்திரமுகி'யையும் எண்ணிப் பார்க்கிறேன். தொடக்கத்தில் நம்மை நடுங்கவைக்கும் உருவம், இறுதியில் நோயுற்ற ஒரு மனைவியாக நமக்கு அறிமுகமாகிறது. அவள் கணவன் அவளைக் கைவிடுவதில்லை. அச்சம் அங்கே இரக்கத்தில் சென்று முடிகிறது. எனவே படம் பேயைக் காட்டுகிறதா என்பதைக் காட்டிலும், படம் முடியும்போது நாம் யார் பக்கம் நிற்கிறோம் என்பதே உரைகல்.

இந்த உரைகல்லை மாற்கு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் காணலாம். கெரசேனர் பகுதியில் கல்லறைகளிடையே ஒரு மனிதன் வாழ்ந்தான். சங்கிலிகளை முறித்தான், இரவும் பகலும் கூச்சலிட்டான், கற்களால் தன்னையே காயப்படுத்திக்கொண்டான். இன்றைய பேய்ப் படத்துக்கு வேண்டிய அனைத்தும் அங்கே உண்டு. ஆனால் இயேசு விலகி ஓடவில்லை. நின்று பார்த்துக்கொண்டிருக்கவும் இல்லை. பெயர் கேட்டார். ஊரார் வந்து பார்த்தபோது அந்த மனிதன் ஆடையணிந்து, தெளிந்த அறிவோடு அமர்ந்திருந்தான். அதைக் கண்டுதான் அவர்கள் அஞ்சினார்கள் என்று நற்செய்தியாளர் எழுதுகிறார். அவன் அலறியவரை ஊருக்கு அவன் ஒரு காட்சி. அவன் மனிதனாகி அமர்ந்தபோது, ஊர் அவனுக்கு அண்டை வீடாக வேண்டியிருந்தது. அந்தப் பொறுப்புக்கே அவர்கள் அஞ்சினார்கள் போலும். தம்மை விட்டுப் போய்விடுமாறு இயேசுவிடம் வேண்டிக்கொண்டார்கள். அவரோ குணம்பெற்றவனை அவனுடைய வீட்டுக்கு, அவனுடைய உறவினரிடமே அனுப்பிவைத்தார்.

இதே அரியலூர் மாவட்டத்தில், வீரமாமுனிவர் பணியாற்றிய ஏலாக்குறிச்சியில் நம் அன்னைக்கு அடைக்கல மாதா என்று பெயர். அந்த வாசலுக்கு வருவோரிடம் அச்சம் எதைப் பற்றியது என்று எவரும் கேட்பதில்லை. அஞ்சி வந்தவருக்கு வேண்டுவது அடைக்கலம் ஒன்றே. அந்தப் பெயரைச் சொல்லிச் செபிக்கும் நாமும் யாருக்கேனும் அடைக்கலமாகக் கடமைப்பட்டவர்கள்.

என் மருமகன் இன்றும் பேய்ப் படங்கள் பார்க்கிறான். நான் தடுக்கவில்லை. அண்மையில் சென்றபோது ஒரு படத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவன், மதிப்பெண் சொல்லும் இடத்தில் நிறுத்திவிட்டு, "அந்தப் பொண்ணு பாவம் மாமா, கடைசி வரைக்கும் யாரும் அவகிட்ட என்ன ஆச்சுன்னு கேக்கவே இல்ல" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சன்னல் வழியே அண்டை வீட்டு முற்றம் தெரிந்தது. அந்த இளந்தாய் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சோறூட்டிக்கொண்டிருந்தாள்.