தச்செறும்பும் முதற்சீலமும்

வீட்டு மரத்தை எறும்பு குடைந்தால், கொல்லாமை நோன்பேற்ற உபாசகர் செய்யத்தக்கது யாது? நீண்ட மழைக்காலமும் பழைய மர உத்திரங்களும் உள்ள கொல்கத்தாவில் இவ்வினா எளிதன்று.

முதற்கண் அறிதல் வேண்டும். கறையான் மரத்தைத் தின்னும், மண்ணால் வழியமைக்கும். தச்செறும்போ மரத்தை உண்பதில்லை. பெரும்பாலும் ஈரத்தில் உளுத்த மரத்தையே குடைந்து குடியேறி, மரத்தூளை வெளியே தள்ளும். ஆகவே, கூரை ஒழுக்கை அடைத்து, சிந்திய இனிப்பைத் துடைத்து, உளுத்த கட்டையைப் பெயர்த்து, எரியாமல் தொலைவில் ஒரு மரத்தடியில் இடுக.

கண்ணிழந்த சக்குபால தேரர் நடக்கையில் பூச்சிகள் மடிந்தன. கொல்லும் எண்ணமின்மையால் குற்றமில்லை என்றார் புத்தர் என்பது தம்மபத உரைக்கதை. கட்டையைப் பெயர்க்கையில் நம்மை மீறிச் சில மடியலாம். ஆனால், கண்ணிருந்தும் பழுதுபார்க்கச் சோம்பி நஞ்சு தெளிப்பவருக்கு அக்கதை அரணாகாது.